புகையிரதம் போன வழியில் துவிச்சக்கர வண்டிகள்

பிரான்ஸின் கிழக்குப் பகுதியில், பர்கண்டி என்று உலகம் அழைக்கும் திராட்சை நாட்டிலே, ஜிவ்ரி என்ற சிற்றூரிலிருந்து குளூனி என்ற பழம்பெரும் மடாலய நகர் வரையில் 44 கிலோமீற்றர் நீளமான பாதையொன்று செல்கிறது. மோட்டார் வாகனங்களுக்கு அதில் இடமில்லை. துவிச்சக்கர வண்டியில் செல்வோரும் நடந்து செல்வோரும் சில்லுச் சப்பாத்து அணிந்த சிறுவர்களுமே அதன் உரிமையாளர்கள். 1997ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இப்பாதையே பிரான்ஸின் முதலாவது 'பசுமை வழி' எனக் கொள்ளப்படுகிறது. இன்று அந்நாடெங்கும் இத்தகைய வழிகள் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர்களுக்கு விரிந்துவிட்டன.

அங்கே சென்று திரும்புகின்றவர்கள் யாவரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: அமைதி. இருபுறமும் குன்றுகள், குன்றுச் சரிவுகளில் வரிசை பிசகாத திராட்சைக் கொடிகள், இடையிடையே செங்கல் நிற ஓடு வேய்ந்த கிராமங்கள். சத்தமென்று சொல்வதற்குச் சங்கிலி பற்சக்கரத்தில் ஓடுகின்ற ஓசை மட்டுமே. உல்லாசப் பயணத்துறையினர் இந்த அமைதியை அழகான துண்டுப்பிரசுரங்களில் அச்சிட்டு விற்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால், இந்த அமைதி எங்கிருந்து வந்தது என்று அந்தத் துண்டுப்பிரசுரங்கள் கேட்பதில்லை. பத்திரிகைத் தொழிலில் காலத்தைக் கழித்தவனுக்கு அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடிவதில்லை.

மலைப்பாங்கான நாட்டில் சிரமமின்றி மிதிக்கக்கூடிய பாதை எப்படிக் கிடைத்தது? விடை எளிது. அது மனிதருக்காகவோ மாட்டுக்காகவோ அமைந்த பாதையன்று. நீராவி இயந்திரத்துக்காக வெட்டப்பட்டது. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மீது செங்குத்தாக ஏறமாட்டாது. நூறு மீற்றருக்கு இரண்டு, மூன்று மீற்றர் ஏறினாலே அது திணறும். ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பொறியியலாளர்கள் குன்றுகளைச் சுற்றி வளைத்தார்கள், மேடுகளை வெட்டினார்கள், பள்ளங்களை நிரப்பினார்கள், வேறு வழியில்லாத இடத்தில் மலையைக் குடைந்தார்கள். ஷாலோன் நகரிலிருந்து குளூனி வழியாக மாக்கோன் நகருக்குச் சென்ற அந்தப் புகையிரதப் பாதை, அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலே இவ்விதமாகத்தான் அமைக்கப்பட்டது. நீராவி இயந்திரத்தின் பலவீனத்துக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு, நூறாண்டுகளின் பின்னர் அறுபது வயதுக்காரரின் முழங்காலுக்கு வரப்பிரசாதமாகியது.

புகையிரதம் வந்தபோது இந்தக் கிராமங்கள் கொண்டாடியிருக்கும். பீப்பாய்கள் பாரிசுக்குச் செல்ல மாட்டுவண்டியையும் ஓடத்தையும் நம்பியிருந்த காலம் ஒழிந்ததல்லவா? ஆனால் இருப்புப்பாதை இருவழிப் பாதை. பர்கண்டியின் வைன் வடக்கே சென்றது போலவே, வெயில் காயும் தென் பிரான்ஸின் மலிவான வைனும் அதே தண்டவாளத்தில் வடக்கே சென்றது. பேர்பெற்ற சரிவுகளின் உயர்ந்த சரக்குக்கு அதனால் பாதிப்பில்லை. அன்றாடம் உழைப்பாளி அருந்துகின்ற சாதாரண வைனை விளைவித்த சிறு விவசாயிக்குத்தான் அடி விழுந்தது. அபிவிருத்தி என்ற சொல்லை எங்கே கேட்டாலும், அது யாருடைய சரக்கை எந்தத் திசையில் ஏற்றிச் செல்கிறது என்று பார்ப்பது நல்லது.

அடுத்த அடி மண்ணுக்கு அடியிலிருந்து வந்தது. பிலொக்செரா என்பது கண்ணுக்கு எளிதில் தென்படாத ஒரு பேன் வகைப் பூச்சி. அமெரிக்கக் கொடிகளோடு கப்பலேறி வந்து, 1860களில் தென் பிரான்ஸில் வேர்களை உறிஞ்சத் தொடங்கியது. பர்கண்டியில் அது முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1875இல், மான்சே என்னும் கிராமத்தில். நாம் பேசுகின்ற பாதையிலிருந்து அவ்வூர் அதிக தூரமில்லை. 1878இல் அது புகழ்பெற்ற மெர்சோ கிராமத்தை எட்டியது. மண்ணுக்குள் காபன் இருசல்பைட்டைச் செலுத்துமாறு அரசாங்கம் உத்தரவிட்டது; அதை எதிர்த்து நின்ற கிராமங்களும் இருந்தன. அமெரிக்க வேரின் மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுவதே நிலையான பரிகாரம் என்று தெரிந்த பிறகும், பரம்பரைக் கொடிக்கு அந்நிய வேரா என்ற தயக்கத்தினால் ஆண்டுகள் கழிந்தன. பர்கண்டியின் வட பாதியான கோட்-டோர் மாவட்டத்தில் ஒட்டுக்கன்றுகளுக்கு அனுமதி கிடைத்தது 1887இல்தான். இன்று நாம் காண்கின்ற ஒழுங்கான வரிசைகள்கூட அந்த அழிவின் பின் வந்தவையே. அதற்கு முன்னர் கொடிகள் வரிசையின்றி நெருக்கமாக நடப்பட்டு, கையாலேயே பராமரிக்கப்பட்டன. நமது புகைப்படங்களில் பழைமையின் அடையாளமாக விழுகின்ற அந்த நேர்கோடுகள் ஒரு பேரழிவின் மறுசீரமைப்புத் திட்டம் என்றே சொல்லவேண்டும்.

இலங்கை வாசகனுக்கு இந்தக் கதை கேட்ட கதையாகத் தோன்றும். அதே காலத்தில்தான், 1869இல், நமது மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் காணப்பட்டது. நாங்கள் பயிரை மாற்றித் தேயிலைக்குப் போனோம். அவர்கள் வேரை மாற்றிப் பயிரைக் காப்பாற்றிக்கொண்டார்கள். இரண்டு இடங்களிலும் தாங்க முடியாதவர்கள் வெளியேறினார்கள். பர்கண்டியின் பல சரிவுகளில் கொடி மீண்டும் நடப்படவே இல்லை. காடு திரும்பியது. இளைஞர்கள் அதே புகையிரதத்தில் ஏறி லியோனுக்கும் பாரிசுக்கும் சென்றார்கள். அமைதியின் முதல் தவணை அப்போதே செலுத்தப்பட்டுவிட்டது.

இனித் துவிச்சக்கர வண்டியின் கதைக்கு வருவோம். அதற்கும் இந்த மண்ணுக்கும் எதிர்பாராத உறவொன்று உண்டு. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடை வரவில்லை. 1816இல் பர்கண்டியின் அறுவடை மிகவும் பிந்தியது. பழம் பழுக்கவே இல்லை என்றும் சொல்லலாம். தானிய விலை ஏறியது, குதிரைக்குத் தீனி போட வழியில்லாமற் போயிற்று. 1817 ஜூன் 12ஆம் திகதி, ஜேர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர், இரு சக்கரங்களுக்கிடையே அமர்ந்து கால்களால் நிலத்தை உந்தி ஓடும் பொறியொன்றில் முதற் பயணம் செய்தார். குதிரைப் பஞ்சத்துக்குக் கண்ட மாற்றே அது என்று சில வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். எல்லோரும் அதை ஏற்கவில்லை. ஆனால் அந்தப் பொறி பிரான்ஸுக்கு வந்ததும் அதைக் கையிலெடுத்துத் திருத்தியவர்களில் ஒருவர் ஷாலோன் நகரத்தவர்: நிசெஃபோர் நியெப்ஸ். உலகின் முதலாவது நிலையான புகைப்படத்தை 1820களில் எடுத்தவராக நாம் அறிந்த அதே நியெப்ஸ்தான். 1818இல் அவர் ஆசனத்தை உயர்த்தித் தாழ்த்தக்கூடியதாக அமைத்துக்கொண்டார் என்று சொல்லப்படுகிறது. ஜிவ்ரியில் வண்டியை வாடகைக்கு எடுத்து, முதற் காரியமாக ஆசனத்தைத் தம் உயரத்துக்குச் சரிசெய்கின்றவர்களில் எத்தனை பேர், சில கிலோமீற்றர் தொலைவில் பிறந்த அந்த மனிதரை நினைப்பார்கள்?

மிதிகட்டை 1860களில் வந்தது. இரண்டு சக்கரங்களும் ஒரே அளவான, சங்கிலி பூட்டிய வண்டி 1885இல் இங்கிலாந்தில் வந்தது. காற்றடைத்த சக்கரம் 1888இல். ஓட்டப்போட்டி என்ற வெறி ஒருபுறம் வளர, மறுபுறத்தில், போட்டியின்றி ஊர் பார்ப்பதற்காக வண்டி ஓட்டுவது என்ற எண்ணத்துக்கு ஓர் ஆசான் தோன்றினார். சென்-எத்தியென் நகரில் பட்டு வியாபாரம் செய்த போல் த விவி (1853-1930) என்பவர் அவர். 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதினார். 1887இல் துவிச்சக்கர வண்டிக்கென்றே ஒரு சஞ்சிகையைத் தொடங்கிய வகையில் அவர் நமது தொழிலைச் சேர்ந்தவரும்கூட. மலை ஏறுவதற்குப் பல கியர்கள் வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடினார். பந்தயக்காரர்கள் நகைத்தார்கள்; கியர் மாற்றுவது கிழவர்களின் வேலை என்பது அவர்களது எண்ணம். பிரான்ஸைச் சுற்றிவரும் மாபெரும் பந்தயத்தில் கியர் மாற்றும் சாதனம் அனுமதிக்கப்பட்டது 1937இல். வெலோசியோ இறந்து அப்போது ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன.

நெடும்பயணம் போவோருக்கு வெலோசியோ சில கட்டளைகளை வகுத்துக்கொடுத்தார். பசிக்குமுன் உண், தாகத்துக்குமுன் குடி, களைப்படையுமுன் ஓய்வெடு என்ற பொருளில் அமைந்தவை அவை. அவற்றுள் ஒன்று, பயணத்திலிருக்கும் வரையிலாவது இறைச்சியையும் புகையிலையையும் வைனையும் தள்ளிவைக்கவேண்டும் என்பது. திராட்சைத் தோட்டங்களின் நடுவே, ஊருக்கு ஊர் சுவைத்துப் பார்த்தவாறே வண்டி ஓட்டுவதையே பயணத்தின் நோக்கமாகக் கொண்ட இன்றைய கூட்டத்தை அவர் கண்டால் என்ன சொல்வாரோ! அவருடைய முடிவும் இங்கே குறிப்பிடத்தக்கது. 1930 பெப்ரவரியில், தமது நகரின் வீதியில், மோட்டார் காருக்கு விலகி நின்றவரை டிராம் வண்டி மோதியது. ஊர் பார்க்கும் பயணத்தின் தந்தை போக்குவரத்து நெரிசலில் மாண்டார். வாகனமற்ற பாதை வேண்டும் என்பது சொகுசுக்காரரின் கோரிக்கை என்று எண்ணுவோர் இதைச் சற்று யோசிக்கலாம்.

உழைப்பாளருக்கு ஊர் பார்க்கும் உரிமை வந்தது 1936இல். மக்கள் முன்னணி அரசாங்கம் சம்பளத்துடனான இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கியது. ஓய்வுநேரத்துக்குப் பொறுப்பாயிருந்த லியோ லகிராஞ்ச், புகையிரதக் கட்டணத்தில் 40 வீதக் கழிவுடன் விடுமுறைச் சீட்டுக்கு ஏற்பாடு செய்தார். அந்தக் கோடையில் கணவனும் மனைவியும் இருவர் மிதிக்கும் வண்டியில் ஏறிக் கிராமப்புறங்களை நோக்கிச் சென்ற புகைப்படங்கள் பிரான்ஸின் கூட்டு நினைவில் நிலைத்துவிட்டன. மூன்றே ஆண்டுகளில் யுத்தம் வந்தது.

1940 யூனில் பிரான்ஸ் பணிந்தபோது நாடு இரண்டாக வெட்டப்பட்டது. ஆக்கிரமிப்பு வலயத்தையும் மற்றைய வலயத்தையும் பிரித்த எல்லைக்கோடு ஷாலோன் நகர் வழியாகச் சென்றது. குளூனியும் அதன் அயற் கிராமங்களும் கோட்டுக்குத் தெற்கே இருந்தன. அந்த ஒகஸ்டில் சுவிற்சர்லாந்தின் ஜெனீவாவிலிருந்து 25 வயது இளைஞர் ஒருவர் துவிச்சக்கர வண்டியில் இப்பகுதிக்கு வந்தார். தேசே என்ற, பெரும்பாலும் கைவிடப்பட்ட கிராமத்தில் ஒரு வீட்டை வாங்கினார். எல்லைக்கோட்டைத் தாண்டி வந்த அகதிகளுக்கு, யூதர்கள் உட்பட, அங்கே புகலிடம் கொடுத்தார். 1942 நவம்பரில் ஜேர்மன் படை தெற்கையும் பிடித்தபோது அவர் திரும்பிவர முடியாமற் போனது; 1944இலேயே திரும்பினார். பின்னர் உலகெங்குமிருந்து இளைஞர்கள் திரளும் தேசே சமூகத்தை உருவாக்கிய சகோதரர் ரோஜே அவரே. 2005 ஒகஸ்டில், மாலை வழிபாட்டின்போது அவர் குத்திக் கொல்லப்பட்டார். அவருடைய கிராமம் பசுமை வழியின் ஓரத்துக் குன்றின் மேல் இருக்கிறது.

பெற்றோல் இல்லாத அந்த ஆண்டுகளில் பிரான்ஸ் முழுவதும் துவிச்சக்கர வண்டியில்தான் ஓடியது. வைத்தியர் அதில்தான் வந்தார். எதிர்ப்பு இயக்கத்தின் செய்தியும் அதில்தான் வந்தது. 1990களில் எரிபொருள் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. குளூனிக்கு அதன் விலை பெரிது. 1944 பெப்ரவரி 14ஆம் திகதி ஜேர்மனியர் நகரைச் சுற்றிவளைத்து, ஆண்களையும் பெண்களையும் பிடித்துச் சென்றனர். பலர் வதைமுகாம்களிலிருந்து திரும்பவில்லை. அதே ஆண்டு ஒகஸ்ட் 11ஆம் திகதி நகருக்குத் தெற்கேயுள்ள புவா-கிளேர் கணவாயில் எதிர்ப்புப் படையினர் ஜேர்மன் படையுடன் மோதினர். இன்று அந்தக் கணவாயின் கீழேதான் பழைய புகையிரதச் சுரங்கம், 1.6 கிலோமீற்றர் நீளத்தில், துவிச்சக்கர வண்டிகளை மாக்கோன் பக்கத்துக்குக் கொண்டுசெல்கிறது. குளிர்காலத்தில் அது மூடப்பட்டுவிடும். யுத்த நினைவுக்காக அல்ல, உள்ளே உறங்குகின்ற வௌவால்களுக்காக.

யுத்தத்துக்குப் பின் இப்பகுதிப் புகையிரதத்தைக் கொன்றது யாருமல்ல, மோட்டார் கார்தான். பயணிகள் குறைந்தார்கள், சேவை நின்றது, தண்டவாளம் கழற்றப்பட்டது. 1981இல் பாரிசையும் லியோனையும் இணைக்கும் அதிவேகப் புகையிரதம் குளூனியின் அருகாகவே பறக்கத் தொடங்கியது. அந்தக் கிராமங்களில் அது நிற்பதில்லை. அவ்வாறு எஞ்சிய நிலக்கீற்றைத் துண்டு துண்டாக விற்றிருக்கலாம். பல இடங்களில் அப்படித்தான் நடந்தது. ஒருமுறை விற்றுவிட்டால் தொடர்ச்சியான வழி மீண்டும் கிடைக்காது. மாவட்ட நிருவாகம் முழுமையாகப் பாதுகாத்துப் பொதுமக்களுக்குக் கொடுத்ததே இங்கு நடந்த பெருங்காரியம். மடாலயத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்கவில்லை. கி.பி. 910இல் தாபிக்கப்பட்டு, ரோமாபுரியின் புனித இராயப்பர் ஆலயம் புதிதாகக் கட்டப்படும் வரையில் கிறிஸ்தவ உலகின் மிகப்பெரிய தேவாலயத்தைக் கொண்டிருந்த குளூனி, பிரெஞ்சுப் புரட்சியின் பின்னர் 1798இல் ஏலத்தில் விற்கப்பட்டது. வாங்கியவர்கள் கல்லுக்காக அதை உடைத்தார்கள். இன்று எஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்கும் இல்லை.

வழியில் பூசி என்றொரு ஊர் உண்டு. எழுத்தில் வேறு விதமாக இருந்தாலும் உச்சரிப்பு ஏறக்குறைய நமது 'புசி' தான். நல்ல சாப்பாடு கிடைக்கும் ஊருக்குப் பொருத்தமான பெயர். 1931இல், விலை வீழ்ச்சியின் நடுவே, அவ்வூர் விவசாயிகள் கூட்டுறவு வைன் கொட்டிலொன்றை அமைத்தார்கள். இன்றும் அது இயங்குகிறது. தனியாக நின்றிருந்தால் அழிந்திருக்கக்கூடிய சிறு காணிக்காரர்கள் பலர் இதனால் தப்பினார்கள். பெருந்தோட்டப் பிரபுக்களின் மாளிகைகளைப் பற்றி எழுதுகின்றவர்கள் இந்தக் கொட்டிலைப் பற்றி எழுதுவதில்லை.

வடக்கே போன் நகரத்திலிருந்து சன்தனே வரை செல்லும் இன்னொரு வழி வேறு விதமானது. அங்கே பழைய தண்டவாளம் இல்லை. பொமார், வொல்னே, மெர்சோ, புலின்யி என்று வைன் போத்தல்களில் மட்டுமே நாம் கண்ட பெயர்களுக்கூடாக, உழவு இயந்திரங்களுக்காகப் போடப்பட்ட தோட்டப் பாதைகளையே அது பயன்படுத்துகிறது. 1395இல் பர்கண்டிப் பிரபு பிலிப், கமே என்ற திராட்சை இனத்தைப் பிடுங்கி எறியுமாறு கட்டளையிட்டது இந்தச் சரிவுகளிலேதான். 'கிளிமா' என்று அழைக்கப்படும் இங்குள்ள சிறு நிலத்துண்டுகள் 1,247ஐயும் யுனெஸ்கோ 2015இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இங்கே முதலுரிமை விவசாயிக்கு. உழவு இயந்திரம் வந்தால் துவிச்சக்கர வண்டிக்காரர் ஒதுங்கவேண்டும்.

இந்தச் சரிவுகளில் அமைதி எப்போதும் அமைதியாக இருப்பதில்லை. கொடிகளை மஞ்சளாக்கிக் கொல்லும் ஒரு நோய்க்கு எதிராக, 2013இல் கோட்-டோர் மாவட்டம் முழுவதும் மருந்து தெளிக்குமாறு உத்தரவு வந்தது. போன் பகுதியில் இரசாயனமின்றிப் பயிரிடும் விவசாயி ஒருவர் மறுத்தார். அவருடைய தோட்டத்தில் நோய் இல்லை என்பது அவர் வாதம்; ஒருவர் மறுத்தால் எல்லோருக்கும் ஆபத்து என்பது அதிகாரிகளின் வாதம். 2014 ஏப்ரலில் நீதிமன்றம் அவருக்கு அபராதம் விதித்தது. டிசெம்பரில் மேன்முறையீட்டில் விடுதலையானார். நூற்று முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பிலொக்செரா மருந்துக்கு எதிராக நின்ற கிராமத்தவர்களின் பிடிவாதத்தை அறிந்தவர்களுக்கு அந்த வழக்குப் புதிதாகத் தோன்றியிராது. இருதரப்பிலும் நியாயம் உண்டு என்பதே என் அபிப்பிராயம். ஆனால் தெளிக்கும் நாளில் அந்த வழியே சுவாசித்துச் செல்கின்ற பயணியும் அங்கே வாழும் குழந்தையும் அந்த வழக்கில் ஒரு தரப்பாக இருக்கவில்லை.

போன் நகரில் அறுவடை தொடங்கிய நாட்கள் 1354ஆம் ஆண்டு முதல் குறித்துவைக்கப்பட்டுள்ளன. ஆய்வாளர்கள் அவற்றைச் சரிபார்த்து 2019இல் வெளியிட்டார்கள். ஆறு நூற்றாண்டுகளுக்கு மேலாகச் சராசரியாக செப்ரெம்பர் இறுதியில் தொடங்கிய அறுவடை, 1988இலிருந்து ஏறத்தாழ 13 நாட்கள் முந்திவிட்டது. 2003இன் கடும் வெப்பத்தில் ஒகஸ்ட் மாதத்திலேயே கூடைகள் இறங்கின; 2020இலும் அவ்வாறே. துவிச்சக்கர வண்டிப் பயணிகள் மிக அதிகமாக வருவதும் ஒகஸ்டில்தான். முன்பு அவர்கள் வீடு திரும்பிய பின்னர் பழம் ஏற்றிய இழுவைப்பெட்டிகள் அந்தப் பாதைகளில் இறங்கின. இப்போது இரண்டும் ஒரே வாரத்தில், ஒரே மூன்று மீற்றர் அகலத்தில் சந்திக்கின்றன.